ரயில் வந்த பின் பழைய பகுதி யாருக்கு?

ஆற்றுமணல்: ஹாங்காங் தீவின் மேற்கே உள்ள சாய் யிங் பூன், கென்னடி டவுன் ஆகிய பழைய பகுதிகளுக்கு 2014 டிசம்பர் 28 அன்று மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டது. சாய் யிங் பூன் நிலையம் மட்டும் 2015 மார்ச்சில் திறந்தது. முதல் ரயில் ஓடுவதற்கு முன்பே வாடகை ஏறத் தொடங்கி, சிறு கடைக்காரர்கள் பலர் இடத்தைக் காலி செய்ய, அங்கெல்லாம் காபிக் கடைகளும் மதுக்கூடங்களும் வந்துவிட்டன. இதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேட்டுத்தெரு: நண்பரே, அது மலைச்சரிவில் அமைந்த ஊர் என்பதை நீங்கள் கணக்கில் கொள்ளவில்லை. ட்ராம் கரையோரச் சமதளத்தில் மட்டுமே ஓடுகிறது. ரயில் வருவதற்கு முன், மேல்தெருக்களில் இருப்பவர்கள் பலர் செங்குத்தான படிகளில் ஏற வேண்டியிருந்தது. அதே தடத்தில் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் உள்ள ஹாங்காங் பல்கலைக்கழக நிலையத்தின் மின்தூக்கிகள் கட்டண வாயிலுக்கு வெளியே இருப்பதால், ரயிலில் போகாத முதியவரும் காய்கறிப் பையோடு கீழிருந்து மேலே போய்விடலாம். தினமும் முழங்கால் வலியோடு ஏறியவருக்கு இது சிறிய மாற்றமா?

ஆற்றுமணல்: சிறிய மாற்றமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முதியவர் இன்னும் அங்கே குடியிருந்தால்தானே அது பயன்படும்? வீட்டு வாடகைக் கட்டுப்பாடு 1998இல் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை 2004இல் போயிற்று. அதன் பிறகு, உரிமையாளர் கேட்கும் தொகையைக் கொடுக்க முடியாதவர் வெளியேறுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

மேட்டுத்தெரு: அப்படியானால் குறை சட்டத்தில் இருக்கிறது, ரயிலில் இல்லை. மேலும், ஒரே வீட்டை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் வாழும் வயதானவர்களும் அங்கே உண்டு. அவர்களுடைய வாடகைக்கு வரம்பு வைப்பது நியாயமா?

ஆற்றுமணல்: ஒரேயடியாக உயர்த்துவதைத் தடுத்தால் போதும். கென்னடி டவுனின் ஃபோர்ப்ஸ் தெருவில், கல்மதிலைப் பற்றி வளர்ந்த மரங்களைக் காப்பதற்காக நிலையத்தின் வடிவமைப்பையே திருத்தினார்கள். அது பாராட்டத்தக்க வேலை. கட்டுமானம் 2009இலேயே தொடங்கிவிட்டதால், குடியிருப்பவர்களுக்கும் அப்படியொரு பாதுகாப்பைச் செய்ய ஐந்து ஆண்டுகள் இருந்தன. தடுத்துப் பிரித்த சிறு அறைகளில் வாழ்பவர்களுக்கு, ஒப்பந்தத்தை ஒருமுறை புதுப்பிக்கும் உரிமையையும் அப்போது வாடகை 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பையும் 2022 ஜனவரியில் அதே நகரம்தான் கொண்டுவந்தது. அந்த விதியைப் புதிய ரயில் வரும் ஒவ்வொரு பகுதியிலும், மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே, எல்லா வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.