7075 டி6 அலுமினியத்தில் விரிசலே வராதாமே?

மாரிட்ஸ்பர்க்_மணி:
உடைந்த 7075 டிரெய்லர் தாங்கியின் படத்தை நேற்று ஒருவர் போட்டார் (7075 ஒரு அலுமினியக் கலவை; டி6, டி73 என்பவை அதைச் சூடாக்கிப் பதப்படுத்தும் இரு விதங்கள்). அதற்கு டர்பன்_ஃபிட்டர் சொன்ன பதில்: "டி73 வாங்கியதால்தான் உடைந்தது. டி6 என்றால் உடையாது, கடினம் எவ்வளவோ ஆயுளும் அவ்வளவு." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 7075 டி6-இன் யீல்டு வலிமை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், 503 மெகாபாஸ்கல், 2024 டி3 என்ற வேறொரு அலுமினியக் கலவைக்கு 345. ஆனால் 50 கோடித் தடவை சுமை ஏறி இறங்கும்போது இரண்டும் தாங்குவது 159-உம் 138-உம்தான். கடினம் ஏறிய அளவுக்கு ஆயுள் ஏறியதா?

டர்பன்_ஃபிட்டர்:
159 பெரிதா, 138 பெரிதா? எனக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள். கடினம் அளக்கும் ராக்வெல் மீட்டரைப் பிடித்தே வளர்ந்தவன் நான், புத்தகம் பார்த்துப் பேசவில்லை.

சாட்ஸ்வர்த்_அக்கா:
1954 ஏப்ரலில் நம்ம சௌத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் ஓட்டிய காமெட் ஜெட் விமானம் நேப்பிள்ஸ் பக்கம் கடலில் விழுந்து 21 பேர் போனார்கள். மீட்டரைப் பார்த்தா அதைக் காப்பாற்றியிருக்க முடியும்?

மாரிட்ஸ்பர்க்_மணி:
அக்கா, காமெட்டில் திறப்புகளின் மூலையில் அழுத்தம் குவிந்தது, அது வேறு கதை. நான் சொல்வது உள்ளமைப்பை. சுமார் 470 டிகிரியில் கரைத்து, தண்ணீரில் தணித்து, 120 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் டி6. துத்தநாக-மக்னீசியத் துகள்கள் அதில் சில நானோமீட்டர்தான், இடப்பெயர்வுகள் (படிக அமைப்பில் நகரும் கோட்டுக் குறைகள்) அவற்றை வெட்டிக்கொண்டு ஒரே தளத்தில் திரும்பத் திரும்ப வழுக்கும், விரிசல் அந்தப் பட்டையில் பிறக்கலாம். டி73-இல் துகள் பருத்திருக்கும், வழுக்கலும் பரவலாகும். வலிமை 10–15 சதவீதம் குறையும், சரி, ஆனால் உப்புக்காற்றில் வரும் அழுத்த அரிப்பு விரிசலை நன்றாகத் தாங்கும். துறைமுகத்தில் ஓடும் டிரெய்லருக்கு எது வேண்டும்?

சாட்ஸ்வர்த்_அக்கா:
பாதியைச் சொல்லி மீதியை விழுங்காதீர்கள் தம்பி. விரிசல் நீண்டபின் அந்த வெட்டுப்படும் துகள்களே நல்லது செய்யும், பாதை கோணலாகி மெதுவாகப் பரவும்.

டர்பன்_ஃபிட்டர்:
அரிப்புக்குத் தாவாதீர்கள். 159 பெரிதா இல்லையா? அதற்குப் பதில்.

ஃபீனிக்ஸ்_வெல்டர்:
படத்தில் வெல்டு தெரிகிறது. 7075-ஐ ஆர்க் வெல்டு செய்தால் சூட்டிலேயே விரிசல் விடும், டி6 ஆனால் என்ன, டி73 ஆனால் என்ன?

டர்பன்_ஃபிட்டர்:
என் படகு ஏணிக்கு நீர் போட்ட வெல்டு முதல் கோடையிலேயே பிளந்தது. நீர் பேசாதீர்.

ஃபீனிக்ஸ்_வெல்டர்:
அந்த ஏணிக்கு இன்னும் காசு வரவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

மாரிட்ஸ்பர்க்_மணி:
ஏணியை விடுங்கள், உடைந்த முகத்தைப் பாருங்கள். போல்ட் துளை ஓரத்திலிருந்து சிப்பி ஓட்டின் வரிகளைப்போல் வளைகோடுகள், விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த தடம் அது; மிச்சமெல்லாம் சொரசொரப்பு, கடைசியில் சட்டென உடைந்த இடம். தொடக்கம் துளைதான், வெல்டு அல்ல. அப்புறம், விரிசல் பிறக்க இடம் தரும் இரும்புத் துகள்கள் எந்தப் பதத்திலும் கரையாது. அதனால்தான் 7475 என்ற தூய்மை கூடிய கலவையில் இரும்பின் உச்ச வரம்பு 0.12 சதவீதம், 7075-இல் 0.50. இதையும் மீட்டர் சொல்லுமா ஃபிட்டர்?

ஃபீனிக்ஸ்_வெல்டர்:
துளை எங்கே இருக்கிறது? வெல்டை ஒட்டி. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

டர்பன்_ஃபிட்டர்:
159.