புதுப்பிப்பு: இரவில் ஷார்ட்ஸ் பார்ப்பதை நிறுத்த எது உதவியது

படுத்த பிறகும் யூடியூப் ஷார்ட்ஸைத் தள்ளிக்கொண்டே இருக்கிறேன், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். கண் பழகிவிட்டது, விரல் நிற்கவில்லை. வேலை செய்தது 'வாட்ச் ஹிஸ்டரி'யை, அதாவது நாம் பார்த்த வீடியோக்களை யூடியூப் பதிந்துவைப்பதை, நிறுத்தச் சொன்னவரின் யோசனைதான். நிறுத்தினால் மட்டும் போதாது, பழைய ஹிஸ்டரியையும் அழிக்க வேண்டும். அப்புறம் முகப்பில் வீடியோவே வராது. 2023 ஆகஸ்டில் யூடியூப் கொண்டுவந்த மாற்றம் இது. சந்தா சேனல்கள் அவற்றின் பகுதியில் வழக்கம்போல் கிடைக்கும். ஆனால் ஏதாவது வீடியோவைத் திறந்தால் கீழே பரிந்துரைகள் வரத்தான் செய்கின்றன, உஷார்.

எதிர்பாராதது ஒன்று: டிவியிலும் அதே கணக்குதான், அங்கும் முகப்பு காலி. சமையல் வீடியோ எல்லாம் எங்கே என்று அம்மா சத்தம் போட்டார். அவருக்குத் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டேன்.