டாக்சிக்குள்ள கேமரா வைக்க கவர்ன்மென்ட் காசு தருதா?

அல்சூர் டிரைவர்:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல பத்து வருஷமா யெல்லோ போர்டு ஓட்டறேன், பாதி ஏர்போர்ட் ட்ரிப்தான். போன வாரம் நைட் ஒரு மணிக்கு ஏர்போர்ட்ல ஏறுன ஆளு ஈஜிபுரா வரைக்கும் வந்துட்டு காசு குடுக்காம இறங்கிட்டான், கேட்டா நான்தான் குடிச்சிட்டு ஓட்டுனேன்னு கத்தி கூட்டம் சேத்துட்டான். உள்ள கேமரா இருந்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். பொண்ணுங்க பாதுகாப்புக்குன்னு சென்டர் வச்சிருக்கற நிர்பயா ஃபண்டுல அதுக்கு காசு தர்றாங்கன்னு ஸ்டாண்டுல பேசிக்கறாங்க, நிஜமா? எங்க எழுதிக் குடுக்கணும்?

பழைய அம்பாசிடர்:
தம்பி, ரெண்டு விஷயத்த போட்டு குழப்பிட்டாங்க. நிர்பயா ஃபண்டு 2013ல வந்தது, அதுல நம்ம ஊருக்கு வந்த சேஃப் சிட்டி திட்டத்து காசு (நூத்துக்கு சென்டர் 60, ஸ்டேட் 40 பங்கு) ரோட்டுல வச்ச கேமராவுக்கும் அத பாக்கற போலீஸ் கமாண்ட் சென்டருக்கும் போச்சு. நம்ம வண்டிக்கு கட்டாயம்னு சொல்றது ஜிபிஎஸ் பெட்டியும் பேனிக் பட்டனும்தான், கேமரா இல்ல. அந்தப் பெட்டிக்கும் 2023ல வச்ச ரேட் 7,599 ரூபா, ஜிஎஸ்டி தனி, எல்லாம் ஓனர் தலைல. இதுல கேமராவுக்கு சப்சிடியா, நல்லா சொன்னாங்க போ.

நைட் ஷிஃப்ட் பொண்ணு:
அண்ணா உங்க கஷ்டம் புரியுது, ஆனா பின் சீட்ல உக்காந்து வீட்டுக்கு போன்ல பேசிட்டு வர்றவ நான், அந்தப் பேச்சு யாரோட மெமரி கார்டுல போய் உக்காருதுன்னு எனக்கு எப்படி தெரியும்? இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் கவுன்சில் டாக்சில பேச்சையும் சேத்து எப்பவும் ரெக்கார்ட் ஆகணும்னு ரூல் போட்டாங்க, அங்க ஆளுங்களோட சொந்தத் தகவல் பாதுகாப்ப பாக்கற தகவல் ஆணையர் அத நிறுத்தச் சொன்னார், அப்பீல் போயும் 2013ல கவுன்சிலுக்கு தோல்விதான். படம் எடுங்க, மைக்க ஆஃப் பண்ணுங்க, கதவுல பெருசா ஸ்டிக்கர் ஒட்டுங்க.

ஜேசி ரோடு கடைக்காரன்:
சொந்தக் காசுல வாங்கறதா இருந்தா பேட்டரி வச்சது வேணாம் ப்ரோ, வெயில்ல நிறுத்துனா உப்பிடும், கெப்பாசிட்டர் வச்சது கேளுங்க. உள்ள பாக்கற லென்ஸுக்கு ஐஆர் லைட் (கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம்) இல்லன்னா நைட்ல வெறும் இருட்டுதான். முக்கியமானது இது, கார்டு நிரம்புனா பழசு மேலயே எழுதும், அதனால பிரச்சனை ஆன உடனே லாக் பட்டன அழுத்துங்க, கார்ட கழட்டி வச்சிருங்க. கோர்ட் வரைக்கும் போனா வீடியோ கூட புது சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63ஆம் பிரிவுல சொல்ற எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கான சர்டிபிகேட்டும் கேப்பாங்க.

அல்சூர் டிரைவர்:
ரொம்ப தேங்க்ஸ். ஆனா தங்கச்சி, மைக்க ஆஃப் பண்ணிட்டா அவன் கத்துனது எப்படிம்மா தெரியும்?

நைட் ஷிஃப்ட் பொண்ணு:
கத்துனது எதுக்குண்ணா, நீங்க கை நீட்டி காசு கேக்கறதும் அவன் கதவ திறந்துட்டு நடக்கறதும் தெரிஞ்சா பத்தாதா?

பழைய அம்பாசிடர்:
அவன் சண்டைக்கு நின்னதே வண்டிக்கு வெளிய தானேம்மா 😄