பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைக்கு இன்னும் சிரிப்பு வருகிறதா?

கேள்வி:
பலர் சொன்னதால் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸின் ஜீவ்ஸ் கதைகள் சிலவற்றை வாசித்தேன். வேலைவெட்டி இல்லாத பணக்கார இளைஞன், அதட்டும் அத்தை, தலையில் வந்து விழும் கல்யாண நிச்சயம், கடைசியில் பணியாள் ஜீவ்ஸ் வந்து காப்பாற்றுகிறார். சுவாரசியம்தான், ஆனால் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. அந்த மாளிகை வாழ்க்கையே இன்று இல்லை. வேறு பண்பாட்டில் வளர்ந்தவர்கள் இதை நிஜமாகவே ரசிக்கிறீர்களா?

பதில் 1:
நான் ரசிக்கிறேன். வுட்ஹவுஸிடம் கதையைத் தேடாதீர்கள், சிரிப்பு வாக்கியத்துக்குள் இருக்கிறது. அந்தப் பணக்கார இளைஞன் பெர்ட்டி, அரைகுறையாக ஞாபகம் இருக்கும் ஷேக்ஸ்பியர் வரியை அரட்டைப் பேச்சுக்கு நடுவே போட்டுவிட்டுத் திணறுவான், மிச்சத்தை ஜீவ்ஸ் அமைதியாக எடுத்துக் கொடுப்பார். அந்த வரிகள் காதில் பழகாதவருக்குப் பாதி ருசி போய்விடும், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. முதலில் ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' படியுங்கள். 1889இல் வந்தது. அன்னாசிப்பழ டின் இருக்கும், திறக்க ஓப்பனர் இருக்காது, மூன்று பேரும் அதை அடித்து நொறுக்கப் படும் பாடு இருக்கிறதே! ஒரே ஒரு படத்தைச் சுவரில் மாட்ட வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஓடவைக்கும் பாட்ஜர் மாமா எந்த ஊரில் இல்லை?

பதில் 2:
மாளிகை உலகம் அந்நியமாக இருப்பதால்தான் சிரிப்பு வரவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். 'டின்னர் ஃபார் ஒன்' என்ற குட்டி நாடகத்தை 1963இல் ஜெர்மன் தொலைக்காட்சி ஆங்கிலத்திலேயே பதிவு செய்தது. தொண்ணூறாவது பிறந்தநாள் கொண்டாடும் சீமாட்டி, எப்போதோ இறந்துபோன நாலு நண்பர்களின் காலி நாற்காலிகள், அந்த நாலு பேருக்காகவும் தானே குடித்துக் குடித்துத் தள்ளாடும் பட்லர். ஜெர்மனியில் இன்றும் ஒவ்வொரு புத்தாண்டுக்கு முந்தைய இரவும் போடுகிறார்கள், பிரிட்டனிலோ வெகுகாலம் அதைப் பற்றிப் பெரும்பாலானோருக்குத் தெரியவே தெரியாது. 1980இல் தொடங்கிய 'எஸ் மினிஸ்டர்' தொடரும் அப்படித்தான், அமைச்சரைப் பேசியே மடக்கும் அதிகாரியை எல்லா நாட்டுக்காரர்களுக்கும் தெரியும், 2001இல் இந்தியில்கூட அதை மறுபடி எடுத்தார்கள்.

பதில் 3:
எல்லாமே காலத்தைத் தாண்டி நிற்கிறது என்று சொல்லிவிட முடியாது. 1977இல் வந்த, வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்கும் வகுப்பைக் காட்டும் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரில் ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரு அசட்டு அடையாளத்தை ஒட்டி, அதை வைத்தே சிரிக்கச் சொல்கிறார்கள். நிறையப் பேருக்குப் பிடித்த தொடர்தான், எனக்கு இப்போது கூசுகிறது.

கேட்டவர்:
சரி, ஜெரோமிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்புறம் வுட்ஹவுஸுக்குத் திரும்புவதென்றால் எந்தப் புத்தகம்?

பதில் 1:
'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்', 1938. அதில் ஸ்போட் என்று ஒரு குட்டி சர்வாதிகாரி வருவான். பிரிட்டிஷ் பாசிஸ்டுத் தலைவர் மோஸ்லியின் ஆட்கள் கறுப்புச் சட்டை போட்டுத் திரிந்த காலம் அது. ஸ்போட் கட்சி ஆரம்பிப்பதற்குள் சட்டைகள் எல்லாம் தீர்ந்துபோனதால் அவன் ஆட்களுக்குக் கறுப்பு அரைக்கால் சட்டைதான்! பெர்ட்டி அவனை நேருக்கு நேர் பேச்சாலேயே கிழிக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள், அதற்கு ஷேக்ஸ்பியர் தெரிய வேண்டியதில்லை.