மார்கழிக் குளிருக்குப் பச்சைக் காய்கறியோடு கிழங்கு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் இருக்கிறேன். ஆறு மாதமாக இரவில் சமைக்காத உணவுதான், கேரட், வெள்ளரி, முளைகட்டிய பயறு, தேங்காய் என்று நன்றாகவே போனது. மார்கழி பிறந்ததிலிருந்து வெள்ளரியைக் கடித்தாலே பல் கூசுகிறது, வயிறு நிறைந்தாலும் உடம்பில் சூடு ஏறவில்லை. போன வாரம் சேலத்திலிருந்து அம்மா கொடுத்துவிட்ட குச்சிக்கிழங்கை (மரவள்ளி) மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, ஆவி பறக்க, பச்சை வெங்காயம் தேங்காய்த்துருவலோடு சாப்பிட்டேன், அப்பாடா, அவ்வளவு இதம்! (இந்தக் கிழங்கைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது, சயனைடு நஞ்சு உண்டு.)

சிக்கல் என்னவென்றால், இங்கே 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சட்டியில் வேக ரொம்ப நேரமாகிறது, குக்கரில் வைத்தால் குழைந்துவிடுகிறது. மலையில் இருப்பவர்கள் எத்தனை விசில் விடுகிறீர்கள்? அப்புறம், சேனை நாக்கு அரிக்காமல் இருக்கப் புளித்தண்ணீர் மட்டும் போதுமா?