அசல் 289 ஏசி கோப்ரா காரின் அளவுகள் யாரிடமாவது இருக்கிறதா?

பெங்களூரு பீன்யாவில் ஒரு ஷெட்டில் நானும் மச்சானும் ஏசி கோப்ரா ரெப்ளிகா (1960-களின் ஸ்போர்ட்ஸ் காருக்கு நகல்) கட்டிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு வேண்டியது 1965-க்கு முந்தைய 289 (கன அங்குலத்தில் இன்ஜின் அளவு) மாடல், அதாவது லீஃப் ஸ்பிரிங், 3 அங்குல சேஸி குழாய், ஒல்லியான உடம்பு. கைக்கு வந்த ஃபைபர் பாடியோ பெரிய இன்ஜின் 427 மாடல் மாதிரி, பின்சக்கரத்துக்கு மேல் பூரி போல உப்பியிருக்கிறது (முழுப் பணமும் கொடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது, என்ன சொல்ல!). 427-இல் காயில் ஸ்பிரிங், 4 அங்குலக் குழாய்; வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 90 அங்குலம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. இணையத்தில் பாதிப் படங்கள் ரெப்ளிகாவுடையவை, நம்பி அளவெடுக்க முடியவில்லை. அசல் வண்டியின் டாஷ்போர்டு, கதவுக் கீல், வீல் ஆர்ச் விளிம்பு இவற்றை டேப் வைத்து எடுத்த படம் இருந்தால் போடுங்கள். அப்புறம், கம்பிச் சக்கரத்துக்கு ஜேசி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டோம், யார் செய்து தருவார்கள் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.