ஐடிஐ பிள்ளைகளுக்கு முதலில் ஐசோமெட்ரிக்கா, பிளான் எலிவேஷனா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பாலக்காடு பக்கம் ஒரு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல், அதாவது இயந்திர வரைபடப் பாடம், எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் படித்து வந்த பிள்ளைகள். வழக்கமான வரிசையில் புள்ளி, கோடு, தளம், திண்மம் என்று, பொருளை ஒவ்வொரு திசையிலிருந்தும் தட்டையாக வரையும் புரொஜெக்‌ஷன் எல்லாம் முடிந்த பிறகுதான் ஐசோமெட்ரிக், அதாவது பொருளின் மூன்று பக்கங்களையும் ஒரே படத்தில் காட்டும் வரைபடம், வரும். அதற்குள் "எக்ஸ்ஒய் கோட்டுக்கு மேலே எலிவேஷன், கீழே பிளான்" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள் (எலிவேஷன் முன்னிருந்து பார்ப்பது, பிளான் மேலிருந்து பார்ப்பது, எக்ஸ்ஒய் இரண்டையும் பிரிக்கும் கோடு). எந்தப் பொருளுக்கு என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

என் கட்சி இது: முதல் வாரமே ஐசோமெட்ரிக். கீழ் மூலைக்கு ஒரு புள்ளி, அதிலிருந்து நேர் மேலே ஒரு கோடு, இடமும் வலமும் 30 டிகிரியில் இரண்டு கோடுகள். 30-60 செட் ஸ்கொயர் போதும். மொத்த நீளம், அகலம், உயரத்துக்கு மெலிதாக ஒரு பெட்டி போட்டுவிட்டு, வேண்டாத பகுதியை அதிலிருந்து வெட்டி எடுப்பது. தாளில் வெட்டுவதையே துணி சோப்பு ஒன்றிலும் பிளேடால் வெட்டச் சொல்வேன். சட்டம் ஒன்றுதான்: அளவை இந்த மூன்று திசைகளில் மட்டுமே எடுக்க வேண்டும். சாய்ந்த விளிம்பு வந்தால் அதன் இரண்டு முனைகளையும் பெட்டி வழியாகக் குறித்துச் சேர்க்க வேண்டும். 45 டிகிரியில் விளிம்பைச் சாய்வாக வெட்டிய சேம்பர்தானே என்று புரோட்ராக்டரை வைத்தால் போச்சு, ஐசோமெட்ரிக்கில் அது 45 ஆக நிற்காது.

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:
டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஷாப்பில் (இயந்திரப் பட்டறை) வரும் ஜாப் டிராயிங்கில் ஐசோமெட்ரிக் இருந்தால் அது ஒரு மூலையில் அழகுக்கு இருக்கும். அளவு, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் கூடுதல் குறைவு), செக்‌ஷன் (வெட்டுமுகப் படம்) எல்லாம் முன், மேல், பக்கம் என்ற மூன்று வியூவில்தான். ஐசோமெட்ரிக்கில் மறைகோடு (மறைந்திருக்கும் விளிம்பைக் காட்ட விட்டுவிட்டுப் போடும் கோடு) போடுவது வழக்கமில்லை. அப்படியானால் மேலே தெரியும் துளை அடிவரை போகிறதா, பாதியில் நிற்கிறதா? படம் சொல்லாது. பின்பக்கம் ஒரு பாக்கெட் (குழி) இருந்தால் அதுவும் தெரியாது. படத்தில் தொடங்கிய பையன் எப்போதும் படத்தையே தேடுவான்.

முதல் வாரம் சொல்லித்தர வேண்டியது டைட்டில் பிளாக்கில் (படத்தின் விவரம் எழுதும் கட்டம்) இருக்கும் அந்தச் சின்னக் கூம்புக் குறியை. வியூக்களை எந்த முறையில் அடுக்கியிருக்கிறார்கள் என்று அதுதான் சொல்லும். நம் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) வெளியிட்ட எஸ்பி 46 சொல்வது ஃபர்ஸ்ட் ஆங்கிள்: பிளான் எலிவேஷனுக்குக் கீழே, இடப்பக்கம் நின்று பார்ப்பது வலப்பக்கம். அமெரிக்காக்காரன் தேர்ட் ஆங்கிளில் அனுப்புவான், இடமெல்லாம் அப்படியே எதிர்மாறாகும். ஒரு யூனிட்டில் இந்தக் குறியைப் பார்க்காமல் ஸ்லாட்டை (நீளப் பள்ளம்) எதிர்ப்பக்கம் மில் செய்து (மெஷினில் வெட்டி) ஒரு லாட் முழுவதும் ஸ்கிராப்புக்குப் போனது. 30 டிகிரி தெரியாததால் போனதல்ல.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அந்த ஸ்லாட்டை மில் செய்வதற்கு முன்னால் மூன்று வியூவையும் சேர்த்துக் கையால் ஒரு ஐசோமெட்ரிக் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால், குறி என்ன என்ற சந்தேகமாவது வந்திருக்கும், அண்ணா.

ஒரு கணக்கு தருகிறேன். எலிவேஷன் சதுரம், பிளானும் சதுரம். பொருள் என்ன? கனசதுரம் என்று எல்லோரும் சொல்வார்கள். சைடு வியூ செங்கோண முக்கோணமாக இருந்தால் அது ஆப்பு. கால் வட்டமாக இருந்தால் உருளையின் கால் பாகம். மூன்றுக்கும் முதல் இரண்டு வியூ ஒன்றேதான். இந்த மூன்றையும் ஐசோமெட்ரிக்கில் வரைந்த பிள்ளை "சைடு வியூ எதற்கு?" என்று பிறகு கேட்க மாட்டாள்.

மாடல்ஸ்பேஸ்:
இரண்டு பேரும் பழைய காலத்திலேயே நிற்கிறீர்கள். சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் முப்பரிமாண மாடல் செய்தால் வியூ தானாக வரும், ஐசோமெட்ரிக்குக்கு ஒரு பட்டன். ஆட்டோகேட் வரைபட மென்பொருளிலேயே ஐசோமெட்ரிக் ஸ்நாப் (ஐசோமெட்ரிக் திசைகளில் கோடு போட உதவும் வசதி) போட்டு எஃப்5 அழுத்தினால் மூன்று தளமும் மாறி மாறி வரும்.

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:
பட்டன் தம்பி, அந்த மாடலின் ஐசோமெட்ரிக்கை ஒன்றுக்கு ஒன்றாகப் பிரின்ட் எடுத்து ஸ்கேலை வை. 100 மி.மீ. விளிம்பு சுமார் 81.6தான் இருக்கும். எஃப்5 போட்டு வரைந்ததில் 100 ஆகவே இருக்கும். ஏன் என்று கேட்டால் பட்டன் பதில் சொல்லாது.

கோவிந்தாபுரம் பைப்பர்:
ஐசோமெட்ரிக் அழகுக்குத்தான் என்ற அண்ணனுக்கு: கொச்சி அம்பலமுகள் எண்ணெய் ரிஃபைனரியில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) வேலைக்கு வந்து பாருங்கள். பைப்பிங்கில் எல்லாமே ஐசோதான். ஒரு லைனுக்கு ஒரு ஷீட், பைப் ஒற்றைக் கோடு, ஸ்கேல் கிடையாது, மூலையில் வடக்கு அம்புக்குறி, வெல்டுக்கெல்லாம் நம்பர். பைப் சாய்ந்து போனால் அந்த இடத்தில் சின்ன முக்கோணமோ பெட்டியோ போட்டு ஹேட்ச் செய்து (உள்ளே கோடுகளால் நிரப்பி) காட்டுவார்கள். டீச்சர் சொன்ன பெட்டி முறைதான் அது. ஆபீசில் சாஃப்ட்வேர் எடுத்துத் தரும், சரி. சைட்டில் ஒரு எல்போ (பைப் வளைவு) இடம் மாறினால் சூப்பர்வைசர் அங்கேயே பேனாவில்தான் திருத்துகிறார்.

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:
பைப்பிங் வேறு, மெஷினிங் வேறு. ஆனால் ஒத்துக்கொள்கிறேன், "யாரும் பயன்படுத்துவதில்லை" என்று நான் சொல்லவில்லை, "எங்கள் ஷாப்பில்" என்றுதான் சொன்னேன்.

சரி டீச்சர், பெட்டி வரை வந்தாயிற்று. வட்டம் வந்தால்? முதல் வாரப் பிள்ளை ஃபிளேஞ்சை (பைப் முனையில் வரும் வட்டத் தட்டு) எப்படி வரைவான்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
நான்கு மைய முறை. வட்டத்தைச் சுற்றிய சதுரம் ஐசோமெட்ரிக்கில் சாய்சதுரமாகும். நான்கு பக்கங்களுக்கும் நடுப்புள்ளி குறித்து, விரிகோண மூலை இரண்டிலிருந்தும் எதிர்ப்பக்க நடுப்புள்ளிகளுக்குக் கோடு. அந்த மூலைகள் பெரிய வில்லுக்கு மையம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் சின்ன வில்லுக்கு. காம்பஸ் போதும்.

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:
அது உண்மையான எலிப்ஸ் (நீள்வட்டம்) இல்லையே. 100 மி.மீ. வட்டத்துக்கு நெட்டச்சு 122.5 வர வேண்டும், உங்கள் முறையில் 115.5தான் வரும். குற்றச்சு 70.7க்குப் பதில் 73.2. குண்டாகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
குண்டுதான். அளவெடுக்க அல்ல, பார்த்துப் புரிந்துகொள்ளத்தானே வரைகிறோம். 1822இல் கேம்பிரிட்ஜில் வில்லியம் ஃபேரிஷ் இந்த முறையை எழுதியதும், வகுப்பில் காட்டும் இயந்திர மாதிரிகளை உதவியாளர்கள் பார்த்துப் பூட்டுவதற்காகத்தான்.

சித்தூர் ஆசாரி:
இவ்வளவு சிரமம் எதற்கு? முகப்பை நேராக, உள்ளபடியே வரையுங்கள். ஆழத்தை மட்டும் 45 டிகிரியில் பின்னால் இழுத்துப் பாதி அளவு போடுங்கள். கேபினட் முறை. வார்ட்ரோப், ஜன்னல் எல்லாம் வீட்டுக்காரர்களுக்கு இப்படித்தான் காட்டுகிறேன், ஒரே பார்வையில் புரிந்துகொள்கிறார்கள். ஃபிளேஞ்சின் வட்ட முகத்தை முன்னால் வைத்தால் காம்பஸில் முழு வட்டமே போடலாம், நான்கு மையமும் வேண்டாம். ஆழத்தை முழு அளவில் போட்டால் மட்டும் அலமாரி ரயில் பெட்டி மாதிரி நீண்டுவிடும்.

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:
ஆசாரி சொல்வது எனக்குச் சம்மதம். முதல் வாரத்துக்கு அதுவே போதும், எலிவேஷனுக்கும் பக்கத்தில் நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பக்கவாட்டிலும் வட்டம் இருந்தால்? டீ ஜாயின்ட் (T வடிவப் பைப் இணைப்பு) வரையட்டும் பார்ப்போம்.

பாலி மாணவன்:
இடையில் வருகிறேன். 50 மி.மீ. கனசதுரத்தின் மேல் 50 மி.மீ. விட்டமுள்ள கோளம். தேர்வில் ஐசோமெட்ரிக் ஸ்கேல் (சாய்ந்து நிற்கும் விளிம்புகள் கண்ணுக்குச் சுருங்குவதற்கேற்ப 100க்கு 81.6 என்று சுருக்கிய அளவுகோல்) இல்லாமல் வரைந்தேன், கோளத்துக்கு 25 ஆரம். மார்க் போய்விட்டது. ஏன்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
ஸ்கேல் போட்டு வரைந்தால் கனசதுரத்தின் விளிம்பு 40.8 ஆகச் சுருங்கும். கோளம் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே வட்டம், ஆரம் 25. நீ விளிம்பைச் சுருக்காமல் 50 போட்டதால் எல்லாமே 1.22 மடங்கு பெருத்துவிட்டது. கோளமும் சேர்ந்து பெருக்க வேண்டும்: ஆரம் 30.6.

பாலி மாணவன்:
அப்போது விட்டம் 61. கனசதுரத்தை விட்டு வெளியே தள்ளாதா?

கஞ்சிக்கோடு ஃபிட்டர்:
தள்ளாது தம்பி. உன் படத்தில் கனசதுரத்தின் குறுக்கு அகலம் 86.6. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். மேல் முகத்தின் நடுவிலிருந்து கோள மையத்தை, அது உயரத் திசை அளவு என்பதால், 25தான் மேலே ஏற்ற வேண்டும், 30.6 அல்ல. தொடும் புள்ளி வட்டத்துக்குள்ளே 5.6 மி.மீ. ஒளிந்திருக்கும். வட்டத்தின் அடியைப் புள்ளியில் உட்கார வைத்தாயானால் கோளம் அந்தரத்தில் நிற்கும்.